கூப்பன், அட்டைக் கழிவு, வவுச்சர்: வன்னியில் இருந்துகொண்டு உண்மையில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மச்சாள், கூப்பன்களைச் சேர்த்து வைத்துத் தள்ளுவண்டி நிறையச் சாமான் எடுத்து, கடைசியில் சொற்பக் காசு மட்டும் கட்டிவிட்டு வருவதை வீடியோ அழைப்பில் காட்டுகிறார். இங்கே ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் சாமான், சவர்க்காரம் முதலியவை எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபா வரை போகிறது. கிளிநொச்சியில் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் புள்ளி அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வங்கி தன் அட்டைக்கு வார இறுதிக் கழிவு, அதாவது விலைத் தள்ளுபடி, என்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. இணையக் கொள்வனவுத் தளமான டராஸின் செயலியில் நாளுக்கொரு வவுச்சர் வருகிறது. புடைவைக் கடையில் கூப்பனில் பெயர் எழுதிப் பெட்டிக்குள் போடச் சொல்கிறார்கள். இவை எல்லாவற்றையும் சரியாகப் பயன்படுத்தினால் ஆகக்கூடியது எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், அதை எப்படிப் பிடிக்கலாம் என்பதே கேள்வி.

தங்கச்சி, உங்கள் மச்சாள் அங்கே செய்வதை அப்படியே இங்கே செய்ய வழியில்லை. ஏன் வழியில்லை என்பது விளங்கினால், இங்கே எந்த இடத்தில் மிச்சம் இருக்கிறது என்பதும் விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கூட்டுறவுச் சங்கக் கிளைகளுக்குக் கொள்வனவுக் கணக்குப் பார்த்த பழக்கத்தால், ஒரு கழிவைக் கண்டால் அதன் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நீங்களும் அப்படிப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடும் இப்போது தொலைபேசியிலும் வரும் கூப்பன்களில் பெரும்பகுதி கடைக்காரர் கொடுப்பவை அல்ல. சவர்க்காரமோ பற்பசையோ தயாரிக்கும் கம்பனி கொடுப்பவை. கடை அந்தக் கூப்பனைப் பெற்றுக்கொண்டு உங்களுக்குக் கழிவைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதைக் கம்பனிக்கு அனுப்பி, கூப்பனின் பெறுமதியையும் அதைக் கையாண்ட செலவுக்கென்று வழக்கமாக ஒரு கூப்பனுக்கு 8 அமெரிக்கச் சதத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே கடைக்கு அதில் நட்டமில்லை. அதே பொருளுக்குக் கடை தன் பங்குக்கும் விலை குறைத்திருக்கும் வாரத்தில் இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தினால், இரண்டு வேறு ஆட்கள் தாங்கும் இரண்டு கழிவுகள் ஒரே பொருளின்மேல் விழுகின்றன. சில கடைகள் கூப்பனின் பெறுமதியை இரட்டிப்பாக்கிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. மச்சாளின் தள்ளுவண்டி நிறைவது இதனால்தான். 1880களின் இறுதியில் கொக்கா கோலா ஒரு குவளை பானத்தை இலவசமாகப் பெறுவதற்கான சீட்டுகளை மக்களிடம் கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே இந்த முறை ஊறிப்போயிருக்கிறது.

இலங்கையில் தயாரிப்பாளர்கள் அந்தக் காசைப் பெரும்பாலும் கூப்பனாகக் கொடுப்பதில்லை, பொதியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். மூன்று சவர்க்காரம் வாங்கினால் ஒன்று இலவசம், 20 வீதம் மேலதிகம், பற்பசையோடு தூரிகை என்று நீங்கள் காண்பவை அவைதான். எனவே நமக்கு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரக்கூடியவை மூன்று. முதலாவது, தயாரிப்பாளரோ கடையோ குறிப்பிட்ட வாரத்தில் செய்யும் விலைக்குறைப்பு. இரண்டாவது, வங்கியும் கடையும் தமக்குள் பகிர்ந்து தாங்கும் அட்டைக் கழிவு. மூன்றாவது, கடை தன் வாடிக்கையாளரைத் தக்கவைக்கக் கொடுக்கும் புள்ளிகள். இந்த மூன்றும் வெவ்வேறு பைகளிலிருந்து வருவதால் பெரும்பாலும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஒரே பையிலிருந்து வரும் இரண்டு கழிவுகளைச் சேர்க்கப் பார்த்தால்தான் காசாளர் முடியாது என்பார். இரண்டு வங்கிகளின் கழிவை ஒரே பற்றுச்சீட்டில் கேட்பதும், கடையின் இரண்டு கூப்பன்களை ஒரே பொருளுக்குக் கேட்பதும் அப்படிப்பட்டவை.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், குறிப்பாக மூத்தவர்களிடம், காசாளரிடம் கூப்பனை நீட்டுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. கூப்பன் அரிசிக் காலத்தையும், இடம்பெயர்ந்து நிவாரண அட்டையோடு சங்கக் கடை வரிசையில் நின்ற காலத்தையும் கண்டவர்களுக்கு அது இயல்பானதே. ஆனால் கடைக் கூப்பன் நிவாரணம் அல்ல. விலையைப் பார்த்து வாங்குபவரிடம் ஒரு விலையையும் பார்க்காமல் வாங்குபவரிடம் இன்னொரு விலையையும் பெறுவதற்குக் கடைக்காரர் செய்துள்ள ஏற்பாடு அது. கூப்பனைத் தேடி, நாள் பார்த்து, நிபந்தனை வாசித்து வருபவருக்கு விலையைக் குறைக்கிறார்கள். அந்தச் சிரமத்தை எடுக்காதவரிடம் முழு விலையையும் எடுக்கிறார்கள். நீங்கள் கேட்காமல் விடும் கழிவு வேறு யாருக்கும் போய்ச் சேருவதுமில்லை. எனவே, என்னென்ன கழிவு இருக்கிறது என்று காசாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி உங்கள் 40,000 ரூபாவுக்கு வருவோம். வன்னியில் ஒரு குடும்பத்தின் செலவில் பெரும்பகுதி எந்தக் கூப்பனுக்கும் அகப்படாதது. அரிசி சொந்த வயலிலிருந்தோ தெரிந்த ஒருவரின் ஆலையிலிருந்தோ வருகிறது. மீன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வாசலுக்கே வருகிறது. மரக்கறியைச் சந்தையிலோ தோட்டத்திலோ வாங்குகிறீர்கள். சுப்பர் மார்க்கெட்டில் வார இறுதியில் மரக்கறிக்கு 20 வீதம் அட்டைக் கழிவு என்று அறிவிப்பார்கள். கொழும்பில் உள்ளவருக்கு அது நல்ல கழிவு, ஆனால் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ சந்தை விலையில் வாங்கக்கூடிய ஒருவருக்கு, 20 வீதம் கழித்த பிறகும் அதே கத்தரிக்காய் விலை கூடியதாகவே இருக்கலாம். கழிவின் வீதத்தைப் பார்க்காமல் கழிவுக்குப் பின்னுள்ள கிலோ விலையைப் பாருங்கள். இவற்றை எல்லாம் ஒதுக்கினால் பால்மா, தேயிலை, சீனி, பருப்பு, மா, எண்ணெய், ரின் மீன், சவர்க்காரம், சலவைத் தூள், பற்பசை, பிள்ளைகளின் சாமான் என்று ஒரு 18,000 ரூபா எஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். கூப்பனும் கழிவும் வேலை செய்யும் களம் இந்த 18,000 மட்டுமே. அதில் 8 வீதத்திலிருந்து 14 வீதம் வரை மிச்சம் பிடிக்கலாம் என்பது என் மதிப்பீடு. மாதத்துக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,500 ரூபா. ஆண்டுக்கு 18,000 முதல் 30,000 ரூபா என்று பார்த்தால், தை மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பங்கைத் தாங்கக்கூடிய காசு அது.

அந்த மிச்சத்தைப் பிடிப்பதற்கு வேண்டிய முதல் கருவி ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட கோடிட்ட கொப்பி. வீட்டில் வழக்கமாக வாங்கும் இருபது, இருபத்தைந்து பொதிப் பொருட்களை இடப்பக்கம் எழுதி, ஊர்க் கடை, சங்கக் கடை அல்லது அரசின் சதொச, சுப்பர் மார்க்கெட் என்று மூன்று நிரல்கள் கீறி, 100 கிராமுக்கோ ஒரு கட்டிக்கோ என்ன விலை என்பதைத் திகதியோடு குறித்து வாருங்கள். திகதி மிக முக்கியம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகியது. இப்படி விலைகள் துள்ளிய நாட்டில் மனதில் நிற்கும் விலையை நம்பி எது மலிவு என்று தீர்மானிக்க முடியாது. இந்தக் கொப்பி இல்லாமல் கூப்பன் சேர்ப்பவர், எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்பதையே அறியாமல் கழிவைக் கொண்டாடுகிறார்.

100 கிராம் விலை என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கே சொல்லும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 400 கிராம் பால்மா 1,000 ரூபா, ஒரு கிலோ 2,600 ரூபா என்றால், சிறிய பொதியில் 100 கிராம் 250 ரூபா, பெரிய பொதியில் 260 ரூபா. பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற எண்ணம் இந்த இடத்தில் பிழைத்துவிடுகிறது. ஒரு கிலோப் பொதிக்கு 200 ரூபாக் கூப்பன் வந்தால் 100 கிராம் 240 ஆகும். அப்போது பெரிய பொதி வெல்லும். ஆனால் உண்மையான மிச்சம் கூப்பனில் அச்சிட்ட 200 ரூபா அல்ல. நீங்கள் வழக்கமாக வாங்கும் சிறிய பொதியோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 100 ரூபாதான்.

இப்போது ஒரு முழுப் பற்றுச்சீட்டை வரி வரியாகப் பார்ப்போம். சுப்பர் மார்க்கெட்டில் ஏழு வகைச் சாமான், அச்சிட்ட விலையில் 6,810 ரூபா. அந்த வார விலைக்குறைப்பில் 310 ரூபா போய் 6,500. 5,000 ரூபா அல்லது அதற்கு மேற்பட்ட கொள்வனவுக்கு வங்கி அட்டையில் 10 வீதம் கழிவு. 650 ரூபா போய் 5,850. பற்றுச்சீட்டின் அடியில் ‘இன்று நீங்கள் சேமித்தது 960 ரூபா’ என்று அச்சாகியிருக்கும். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து, இதே ஏழு சாமானையும் ஊர்க் கடையில் வாங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கூட்டினால் 6,400 வருகிறது. ஆக, உண்மையான வித்தியாசம் 550 ரூபா. பேருந்துக்குப் போய்வர 300 ரூபா கொடுத்திருந்தால் மிஞ்சுவது 250. பிள்ளை அழுததற்காக வாங்கிய ஐஸ்கிறீமையும் கழித்தால் அதுவும் மிஞ்சாது.

இதே பயணத்தை இன்னொரு விதமாகச் செய்யலாம். அந்த ஏழு சாமானில் பருப்பும் தேயிலையும் சுப்பர் மார்க்கெட்டில் 1,500 ரூபா. ஊர்க் கடையில் அளந்து வாங்கினால் 1,250. இவ்விரண்டையும் ஊரிலேயே வாங்கிவிட்டு மற்ற ஐந்தையும் மட்டும் சுப்பர் மார்க்கெட்டில் எடுத்தால் அங்கே பற்றுச்சீட்டு சரியாக 5,000 ரூபாவில் நிற்கும். 10 வீதம் போய் 4,500. மொத்தச் செலவு 5,750 ரூபா. வங்கியின் கழிவு 150 ரூபா குறைந்திருக்கிறது, ஆனால் உங்கள் கையில் 100 ரூபா கூடியிருக்கிறது. அதோடு, அம்மாவை மாவட்ட வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிப்போகும் நாளிலோ கச்சேரியில் அலுவல் இருக்கும் நாளிலோ இந்தக் கொள்வனவை வைத்துக்கொண்டால் பேருந்துக் காசு எப்படியும் போகவேண்டிய காசுதான். அப்போது ஊர்க் கடையின் 6,400 ரூபாவோடு ஒப்பிட்டால் 650 ரூபா முழுவதும் மிச்சம். 250 ரூபாவுக்கும் 650 ரூபாவுக்கும் இடையிலுள்ள தூரத்தை உண்டாக்கியது புதிய கூப்பன் எதுவும் அல்ல. எதை எங்கே, எந்த நாளில் வாங்குவது என்ற தீர்மானம் மட்டுமே. வன்னியில் கூப்பன் பிடிக்கும் வித்தையின் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைகள் அடுத்தடுத்து இருக்கும் நகரத்துக்காரருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. முத்தையன்கட்டிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ பேருந்து ஏறுபவருக்கு, வாசலிலிருந்து வாசல் வரையான செலவுதான் பொருளின் விலை.

குறைந்தபட்சத் தொகையும் உச்சவரம்பும் கழிவுகளின் இரண்டு எல்லைக் கற்கள். 5,000 ரூபாவுக்கு வாங்கினால் 500 ரூபா கழிவு என்று கூப்பன் இருக்க, உங்கள் கூடையில் 3,800 ரூபாவுக்குத்தான் சாமான் இருக்கிறது என்றால், இன்னும் 1,200 ரூபாவுக்கு எதையாவது எடுக்கத் தோன்றும். அந்த 1,200 அடுத்த மாதம் எப்படியும் வாங்கவேண்டிய சவர்க்காரமும் சலவைத் தூளுமாக இருந்தால் தாராளமாக எடுங்கள். 1,200 ரூபாச் சாமானுக்கு 700 ரூபாதான் கொடுக்கிறீர்கள். அது பிஸ்கற்றும் குளிர்பானமுமாக இருந்தால், 3,800 ரூபாவோடு திரும்பவேண்டிய நீங்கள் 4,500 ரூபா கட்டிவிட்டுத் திரும்புகிறீர்கள். உச்சவரம்பு இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 15 வீதம் கழிவு, ஆகக்கூடியது 1,500 ரூபா என்றால், 10,000 ரூபா வரை வாங்கும்போதுதான் அந்த 15 வீதமும் முழுதாகக் கிடைக்கும். 20,000 ரூபாவுக்கு வாங்கினால் அது 7.5 வீதமாகக் கரைந்துவிடும். பெரிய அறிவிப்புப் பலகையில் வீதமும், அடியில் சின்ன எழுத்தில் உச்சவரம்பும் இருக்கும் என்பதால், வரிசையில் நிற்பதற்கு முன்னரே இரண்டையும் கேட்டு வையுங்கள்.

இரண்டு வீதக் கழிவுகள் ஒன்றாகக் கிடைத்தால் அவற்றை நேராகக் கூட்டக்கூடாது. 20 வீதம் கழித்த பின் எஞ்சியதில் 10 வீதம் கழிப்பார்கள். மொத்தம் 28 வீதமே. ஒரு வீதக் கழிவும் ஒரு நிலையான தொகையும் சேரும்போது வரிசை முக்கியம். 5,000 ரூபாவில் முதலில் 10 வீதம், பிறகு 500 ரூபா என்றால் நீங்கள் கட்டுவது 4,000. முதலில் 500, பிறகு 10 வீதம் என்றால் 4,050. வரிசையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு கிடைத்தால் வீதத்தை முதலில் கழிக்கச் சொல்லுங்கள்.

அட்டைகள் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நுண்கடனால் நொந்துபோன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கிரெடிட் அட்டைக் கழிவு நல்லதுதான், ஆனால் மாத முடிவில் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டக்கூடியவருக்கு மட்டுமே நல்லது. ஆண்டுக்கு 28 வீத வட்டி என்று வைத்தால் மாதத்துக்கு 2.3 வீதத்துக்குச் சற்று மேல். 10,000 ரூபாக் கொள்வனவில் 1,000 ரூபா கழிவு கிடைத்து, எஞ்சிய 9,000 ரூபாவை மாதாமாதம் ஆகக்குறைந்த தொகை கட்டி இழுத்துக்கொண்டு போனால், ஐந்தாறு மாதத்தில் அந்தக் கழிவு முழுவதும் வட்டியாகத் திரும்பிப் போய்விடும். அதைவிடக் கவனிக்கவேண்டியது, பழைய நிலுவை இருக்கும்போது வட்டியில்லாக் காலம் இல்லாமற் போய், புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பது. நெல் விற்ற காசு வரும் மாதம் வேறு, அட்டைக் கட்டணம் வரும் மாதம் வேறு என்று இருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு இது பெரிய இடர். சில கழிவுகள் டெபிட் அட்டைக்கும் உண்டு. சம்பளமோ அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவோ வரும் கணக்கின் டெபிட் அட்டைக்கு என்ன கழிவு இருக்கிறது என்பதை வங்கிக் கிளையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் நிற்பதே பாதுகாப்பு.

புள்ளி அட்டையில் நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்லமாட்டேன். 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளி ஒரு ரூபா என்றால் அது ஒரு வீதக் கழிவு. தேடிப் போவதற்குரியது அல்ல, எப்படியும் வாங்கும் இடத்தில் விட்டுவிடுவதற்குரியதும் அல்ல. குடும்பத்தில் எல்லோரும் ஒரே தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி வாங்கினால் புள்ளிகள் சிதறாமல் சேரும். காலாவதியாகும் நாளைக் கேட்டு, அதற்கு முன் கரைத்துவிடுங்கள். வாங்கியதன் அளவுக்கு ஏற்ப வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பது புதிய யோசனையும் அல்ல. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய தொழிலாளர்கள், இலாபத்தை அவரவர் வாங்கிய சாமானின் அளவுக்குப் பங்கிட்டார்கள். அங்கே வாங்கியவரே கடையின் உடைமையாளராகவும் இருந்தார் என்பதுதான் இன்றைய புள்ளி அட்டையிலிருந்து அதைப் பிரிக்கும் வித்தியாசம். உங்கள் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால், அங்கத்தவருக்கென்று ஏதும் சலுகை இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.

புடைவைக் கடையில் பெட்டிக்குள் போடும் கூப்பனைக் கழிவுக் கூப்பனோடு சேர்த்து எண்ணவே வேண்டாம். அது குலுக்கல் சீட்டு. ஐந்து இலட்சம் ரூபா பெறுமதியான ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 25,000 கூப்பன்கள் பெட்டிக்குள் விழுந்தால், ஒரு கூப்பனின் சராசரிப் பெறுமதி 20 ரூபா. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எப்படியும் அந்தக் கடையில் உடுப்பு எடுப்பதாக இருந்தால் எழுதிப் போடுங்கள். இன்னொரு கூப்பன் கிடைக்கும் என்பதற்காக 2,000 ரூபாவுக்கு மேலதிகமாக ஒரு சேலை எடுக்காதீர்கள். அந்தக் கூப்பனைப் பெட்டிக்குள் போடாமல் விட்டால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டுப் பார்க்கலாம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முதலாளி கல்லாவில் இருக்கும் கடைகளில், பண்டிகைக்கு மொத்தமாக உடுப்பு எடுக்கும் குடும்பத்துக்கு அப்படிக் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள்.

இணையக் கொள்வனவில் வவுச்சர்களை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்வி மறுபடியும் உதவுகிறது. டராஸில் விற்பனையாளர் கொடுக்கும் வவுச்சர் வேறு, தளம் கொடுக்கும் வவுச்சர் வேறு. இரண்டையும் ஒரே கொள்வனவில் சேர்க்கமுடிகிறதா என்பதைக் காசு கட்டும் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வவுச்சரைப் பயன்படுத்துவதற்கு முன் அதைச் சேகரி என்ற பொத்தானை அழுத்தி எடுத்து வைக்கவேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நவம்பர் 11 மலிவு விற்பனை, சீனாவில் அலிபாபா 2009இல் தொடங்கியது. 2018இல் அலிபாபா டராஸை வாங்கியது. அந்த நாளுக்காகக் காத்திருப்பது பயனுள்ளதுதான், ஆனால் கோடு போட்டு வெட்டிய பழைய விலையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாங்க நினைக்கும் பொருளை ஒக்டோபர் தொடக்கத்திலேயே கூடைக்குள் போட்டு, விலை தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்தால், நவம்பரில் விலை உண்மையாகக் குறைந்திருக்கிறதா, முதலில் ஏற்றிவிட்டு இறக்கியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். பாரமான பொருளுக்கு விநியோகக் கட்டணம் கழிவைத் தின்றுவிடும் என்பதால், அரிசிச் சட்டியும் மின்விசிறியும் போன்றவற்றுக்குக் கட்டணத்தையும் கூட்டிய பின்னரே கிளிநொச்சிக் கடை விலையோடு ஒப்பிடவேண்டும். அயலில் இரண்டு மூன்று பேர் ஒரே விற்பனையாளரிடம் வாங்கவேண்டியதைச் சேர்த்து ஒரே கொள்வனவாகப் போட்டால், குறைந்தபட்சத் தொகையும் எட்டும், விநியோகக் கட்டணமும் பங்காகும். யாருடைய பொருள் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப்பில் வரும் கூப்பன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர்பெற்ற ஒரு சுப்பர் மார்க்கெட்டின் ஆண்டு நிறைவுப் பரிசு, நாலு கேள்விக்குப் பதில் சொல்லி இருபது பேருக்கு அனுப்பினால் வவுச்சர் என்று வருபவை, அந்தக் கடையின் பெயரைத் திருடியவர்கள் அனுப்புபவை. உண்மையான கூப்பன் எதற்கும் உங்கள் அட்டை இலக்கமோ தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவு இலக்கமோ தேவையில்லை. மூத்தவர்களின் தொலைபேசியில் இப்படி ஒன்று வந்திருந்தால், கோபிக்காமல் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தி அழித்துவிடுங்கள்.

மலிவாகக் கிடைத்ததைச் சேர்த்து வைப்பதில் எங்கள் வெயிலையும் எலியையும் கணக்கில் எடுக்கவேண்டும். சவர்க்காரம், சலவைத் தூள், பற்பசை, மாதவிடாய்த் துவாய், ரின் மீன், மின்குமிழ் ஆகியவை மூன்று நான்கு மாதம் நன்றாக நிற்கும். இவற்றுக்கு நல்ல கழிவு வரும்போது மூன்று மாதத் தேவையை ஒரேயடியாக வாங்குவதே இந்த விடயத்தில் கிடைக்கும் பெரிய இலாபம். கோதுமை மாவிலும் பருப்பிலும் வண்டு விழும். உடைத்த பால்மா மாரியில் கட்டிபடும். தகரக் கூரைக்குக் கீழே வைக்கும் பிஸ்கற் விரைவில் பழுதாகிவிடும், இல்லாவிட்டால் பிள்ளைகள் திகதிக்கு முன்னரே முடித்துவிடுவார்கள். இவற்றை ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுக்கும் பொருளின் காலாவதித் திகதியைப் பொதியைத் திருப்பிப் பார்த்த பின்னரே கூடைக்குள் போடுங்கள். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும் மாசி, பங்குனியில் இப்படிக் கெடாத சாமானை எடுத்து வைத்தால், கை இறுகும் மாதங்களில் ஊர்க் கடையில் கடனுக்கு வாங்கும் தேவை குறையும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சப்பாத்து வவுச்சரையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன், ஏனெனில் உங்கள் வீட்டில் கைக்கு வரும் கூப்பன்களில் ஆகப் பெறுமதியானது அதுவாக இருக்கலாம். கடைக்குள் போனதும் வவுச்சரை மேசையில் வைக்காதீர்கள். சப்பாத்தைத் தெரிந்து, பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, விலையைக் கேட்டு முடித்த பின் வவுச்சரைக் காட்டுங்கள். வவுச்சரைக் கண்டதும் விலை அதன் பெறுமதிக்கே ஏறிவிடுவதைத் தவிர்க்க இதைவிட வேறு வழியில்லை. வவுச்சரைக் குறைந்த காசுக்கு மாற்றித் தருகிறோம் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். பெறுமதியைவிடச் சப்பாத்தின் விலை குறைவாக இருந்தால் மீதிக் காசு பெரும்பாலும் கிடைக்காது. வேலைத்தளத்தில் கொடுக்கும் பரிசு வவுச்சர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே வவுச்சரின் பெறுமதியைச் சற்றே தாண்டும்படி வாங்கி, மேலதிகத்தைக் காசாகக் கொடுப்பதே சரி.

கடைசியாக, பற்றுச்சீட்டு. காசாளர் கழிவைப் பதியாமல் விடுவதும், இறாக்கையில் ஒட்டிய விலை ஒன்றும் பற்றுச்சீட்டில் விழும் விலை இன்னொன்றுமாக இருப்பதும் வேண்டுமென்று செய்யாமலும் நடக்கக்கூடியவை. வாசலைத் தாண்டுவதற்கு முன், கழிவு வரிகள் எல்லாம் விழுந்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் காசாளரிடமே வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். கழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதியில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் குற்றம். கடையில் பேசியும் தீராவிட்டால் பற்றுச்சீட்டையும் பொதியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்; பற்றுச்சீட்டு இல்லாமல் செய்யும் முறைப்பாட்டை நிரூபிப்பது கடினம் என்பதால், மாதம் முடியும் வரை அவற்றைச் சீ.ஆர். கொப்பிக்குள்ளேயே செருகி வையுங்கள்.